ஜெய்சல்மேர் மணல்காற்றில் கண்ணாடியா, கான்டாக்ட் லென்ஸா?

மே, ஜூனில் ஜெய்சல்மேர் போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை கண்ணாடிதான். ஊருக்கு வெளியே உள்ள சாம் மணல்மேட்டில் காற்று கிளம்பினால் பொடிமணல் கண்ணுக்குள் புகும். லென்ஸ் போட்டிருந்தால் அந்தத் துகள் இமைக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டி, சிமிட்டும்போதெல்லாம் உரசும். ஹார்டு லென்ஸ் இன்னும் மோசம்: அளவில் சிறியது, கண்ணீரில் மிதந்து நகர்வது, தூசி அடியிலேயே போய்விடும். சாஃப்ட் லென்ஸில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் வறண்ட காற்றிலும் ஏசி காரிலும் ஈரம் இழந்து கண்ணை உறுத்தும்.

கண்ணாடியின் குறை பக்கவாட்டு இடைவெளி. முகத்தை ஒட்டி வளைந்த ஃபிரேம் வாங்கினால் தூசி நன்றாகக் குறையும். மணலோடு துடைத்தால் கோட்டிங்கில் கீறல் விழும், அது போகவே போகாது. முதலில் தண்ணீர் ஊற்றி மணலை இறக்குங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்து அலசிய பிறகே மைக்ரோஃபைபர் துணி.

பைக் பயணம் என்றால் கதை வேறு. சாஃப்ட் லென்ஸ் போட்டு, மேலே நுரை விளிம்பு வைத்த காகிள்ஸ் மாட்டுவது நல்லது. ஒருநாள் லென்ஸ் மட்டுமே. நாளுக்கு ஒரு ஜோடி, உபரியாக இரண்டு. கையை சோப்பால் கழுவி உலர்த்திய பிறகே தொடவும். குழாய்த் தண்ணீர் லென்ஸில் படவே கூடாது, அதில் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்ற நுண்ணுயிரி கருவிழியையே அரிக்கும். உறுத்தினால் கசக்காமல் கழற்றி எறியுங்கள். அதன் பிறகும் வலி, சிவப்பு, வெளிச்சக் கூச்சம் இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். அதுவரை போட்டுக்கொள்ளப் பையில் கண்ணாடி இருக்கட்டும்.