பெயர் ஏறாத பிள்ளைக்குச் சமாதிக் கல்: திருமுருகன்பூண்டி உளி வேலை எப்படி?

ஜமீன் வீட்டில் அபிமான ஸ்திரீக்கு, அதாவது தாலி கட்டாத துணைவிக்குப் பிறந்த பிள்ளைக்குச் சோற்றுக்கு ஒரு காடு (விளைநிலம்) எழுதி வைத்திருப்பார்கள். வம்சாவளியில் மட்டும் பெயர் ஏறியிருக்காது. அடக்கமும் குடும்ப மயானத்தில் இல்லாமல் அந்தக் காட்டு மூலையிலேயே முடிந்திருக்கும். பேரன் பேத்திகள் இன்று அந்த மண்மேட்டுக்குக் கல் நாட்ட நினைத்தால், அந்த மனிதர் வாழ்ந்ததற்குக் கண்ணில் படும் ஒரே எழுத்து அந்தக் கல்தான். அதனால் விலையைப் பார்ப்பதற்கு முன் எழுத்தைப் பார்க்க வேண்டும்.

திருப்பூர் - அவிநாசி சாலையில் உள்ள திருமுருகன்பூண்டி சிற்பக்கூடங்களின் பலம் கல்லைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. சுத்தியலால் தட்டினால் மணிபோல் கணீரென்று ஒலிக்கும் கல்லையே எடுப்பார்கள். தொப்பென்று சத்தம் வந்தால் உள்ளே வெடிப்பு இருக்கிறது. நீங்களும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேல்பரப்பு காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அந்தக் கல் வேண்டாம்.

நெடுஞ்சாலை ஓரத்து கிரானைட் கடைகளில் ரப்பர் ஸ்டிக்கர் ஒட்டி மணல் பீய்ச்சி எழுத்தெடுப்பார்கள். வேகமான வேலை, ஆங்கில எழுத்துக்குச் சரி. தமிழுக்கு இரண்டு இடத்தில் உதைக்கும். புள்ளிக்கு வெட்டிய ஓட்டை சிறிதாக இருந்தால் மணல் உள்ளே இறங்காது, ‘ண்’ என்பது ‘ண’ ஆகிவிடும். சுழிக்குள் ஒட்டியிருக்கும் துளி ரப்பர் காற்றழுத்தத்தில் பிய்ந்து போனால் சுழி முழுக்கக் குழியாகிவிடும். ‘தொண்டைமான்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு புள்ளியும் நாலைந்து சுழியும் இருக்கின்றன. உளி பிடிக்கிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. எழுத்து ஒரு அங்குல உயரத்துக்குக் குறையாமலும் ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்கட்டும். தங்க நிறப் பெயின்ட் வேண்டாம், வெயிலில் உரிந்துவிடும். முகத்தைப் பாலிஷ் போட்டு எழுத்தைக் கொத்தினபடியே விட்டால் கறுப்பில் சாம்பல் நிறமாக நன்றாகத் தெரியும்.

கை வேலை இப்படி இருந்தாலும் வாசக விஷயத்தில் கவனம் வேண்டும். சமாதிக் கல்லுக்கென்று தயார் வாசகம் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது: தெய்வத்திரு, தோற்றம், மறைவு. ஜமீன் வழி என்று சொன்னால் ‘இளவரசர்’ என்றோ ‘ஜமீன்தார்’ என்றோ மரியாதைக்காகச் சேர்த்துவிடுவதும் உண்டு. அவர் வகிக்காத பட்டத்தைக் கல்லில் ஏற்றினால், உண்மையான பிறப்பையும் சேர்த்துப் பொய் என்பார்கள்.

எப்படி எழுதலாம் என்பதற்குப் புதுக்கோட்டை சமஸ்தானத்தைப் பார்க்கலாம். ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்கை முறைப்படி மணந்தார். 1916இல் சிட்னியில் மகன் பிறந்தான். பிரிட்டிஷ் அரசு அந்தப் பிள்ளையை வாரிசாக ஏற்கவில்லை. 1928இல் ராஜா பாரிஸில் இறந்ததும் பட்டம் ராஜகோபாலத் தொண்டைமான் என்ற சிறுவனுக்குப் போனது. அந்த மகன் மார்த்தாண்ட சிட்னி 1984இல் இத்தாலியின் ஃபுளோரன்சில் இறந்தார். அப்படிப்பட்டவருக்கு ‘மார்த்தாண்ட பைரவர், மோலி தம்பதியின் மகன்; பிறப்பு சிட்னி 1916; மறைவு ஃபுளோரன்ஸ் 1984’ என்றால் போதும். பட்டமே இல்லாமல் முழு வாழ்க்கையும் நிற்கிறது, ஒரு சொல்லையும் யாரும் மறுக்க முடியாது. அபிமான வழிப் பிள்ளைக்கும் இதே முறைதான். தாய் பெயரை முதலில் போடுங்கள். தகப்பன் பெயரை, காடு எழுதிக் கொடுத்த பத்திரத்தில் உள்ளபடியே போடுங்கள். தமிழ் வருடத்தை மட்டும் வெட்டாதீர்கள். ‘நள வருடம்’ என்றால் 1916ஆ 1976ஆ என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாது.

வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. அங்கே எழுத்துரு மாறினால் கொம்பு இடம் மாறிவிடும், ‘ஷ’ கட்டமாகிவிடும். கல்லின் அளவுக்கே தாளில் அச்சடித்து, வீட்டுப் பெரியவர் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கூலி எழுத்துக் கணக்கு என்றால் துணைக்காலும் கொம்பும் தனி எழுத்தா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

கடைசியில் சறுக்குவது நாட்டுகிற இடத்தில். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 4 அங்குலக் கனமுள்ள கல் 2 கன அடி, ஏறக்குறைய 150 கிலோ. இட்டேரிக்குள் (இருபக்கமும் வேலியுள்ள காட்டுத் தடம்) கிரேன் வராது. நாலு ஆளும் மூங்கிலும் கயிறும் நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். புதிய அடக்கமானால் ஒரு மழைக்காலம் போகட்டும், குழி மண் அமுங்கினால் கல் சாய்ந்துவிடும். பழைய மேடானாலும் குழிக்கு மேலே நாட்டாமல், தலைமாட்டுக்கு அப்பால் தோண்டாத மண்ணில் ஒன்றரை அடி ஆழம் எடுத்து, அடியில் 4 அங்குலத்துக்கு 1:3:6 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் கரிசல் காடானால் குழியை அகலமாக எடுத்துக் கிராவல் நிரப்பிய பிறகே கான்கிரீட். கரிசல் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும், இரண்டே வருடத்தில் கல்லைத் தள்ளிவிடும்.

கல்லுக்கும் உளிக்கும் தயங்காமல் பூண்டிக்குப் போகலாம். வாசகத் தாளையும் பத்திர நகலையும் கையோடு கொண்டு போங்கள், முதல் வரி கொத்தும் நாளில் பக்கத்திலேயே இருங்கள்.