489 வெள்ளி போனது: ஆன்லைனில் டிரில் செட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

எழுதும்போதே வயிறு எரிகிறது. 489 மலேசிய வெள்ளி. ஓவர்டைம் செய்து சேர்த்த காசு.

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீடு, அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் வாங்கியது. தீபாவளிக்குள் சமையற்கட்டை நானே சரி செய்துவிடலாம் என்றுதான் டிரில், டைல் வெட்டும் கிரைண்டர் தேடினேன். டவுன் ஹார்ட்வேர் கடையில் விலை கேட்டேன், கட்டுப்படியாகவில்லை. அப்புறம்தான் ஓர் ஆன்லைன் சந்தையில் அந்த லைவ் விற்பனையைப் பார்த்தேன்.

விற்றவன் தமிழில் பேசினான். அதில்தான் விழுந்தேன். "அண்ணே, நம்ம ஆளுங்களுக்கு நான் தப்பான சாமான் கொடுப்பேனா? 88 வோல்ட்டு. கான்கிரீட்டு வாழைத்தண்டு மாதிரி போகும்." டிரில், கிரைண்டர், இரண்டு பேட்டரி, எல்லாம் சேர்த்து 489. உடனே கட்டினேன்.

பார்சல் வந்த அன்றே அவனிடமிருந்து மெசேஜ்: "'பொருள் கிடைத்தது' பட்டனை இப்பவே அமுக்குங்கண்ணே, அப்பத்தான் வாரண்டி ஆரம்பிக்கும்." அமுக்கினேன். அந்தப் பட்டனுக்கும் வாரண்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாம் அமுக்கும்வரை அல்லது தளம் தரும் கெடு முடியும்வரை பணம் தளத்திடம் நிற்கும், அமுக்கினால் விற்பவனுக்குப் போய்விடும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

சார்ஜருக்கு இரண்டு கால் பிளக். நம் மூன்று ஓட்டை சாக்கெட்டில் பேனா மூடியால் மேல் ஓட்டையைக் குத்தித் திறந்துதான் செருக முடிந்தது. மின் சாமான் பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் சிரிம் ஸ்டிக்கர் எங்குமே இல்லை. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

செங்கல் சுவரில் இரண்டு துளை போட்டது. ஜன்னலுக்கு மேலே உள்ள கான்கிரீட் பீமில் நகக்கண் ஆழம்கூட இறங்கவில்லை. பிட் ஆடியது, கருகல் நாற்றம். பிரஷ்லெஸ் மோட்டார் என்று சொன்னான், காற்றுத் துளை வழியே நீல நிறத்தில் பொறி பறந்தது. கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரில்தான் அப்படிப் பறக்கும். கிரைண்டரின் டிஸ்க்கை மறைக்கும் காப்புத் தகடு கையால் தொட்டாலே சுற்றியது. நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும் டிஸ்க் உடைந்தால் முகத்துக்குத்தான் வரும். அதை நான் ஆன் செய்யவே இல்லை.

பக்கத்து வீட்டு வயர்மேன் அண்ணன் பேட்டரியின் ஸ்க்ரூவைக் கழற்றிக் காட்டினார். ஐந்தே ஐந்து செல். மற்ற இடமெல்லாம் காலி. "ஒரு செல்லு 3.7 வோல்ட்டு தம்பி, ஃபுல் சார்ஜுல 4.2. அஞ்சும் சேர்ந்தா 21. எண்பத்தெட்டு எங்கிருந்து வரும்?"

அவனிடம் கேட்டேன். முதல் நாள், "12 மணி நேரம் சார்ஜ் போடுங்கண்ணே." மறுநாள், "நீங்க அழுத்துற விதம் சரியில்ல." மூன்றாம் நாள் அண்ணே போய் "சார்" ஆகிவிட்டது: "பார்சல் திறந்த வீடியோ இருக்கா சார்? இல்லனா ஒண்ணும் பண்ண முடியாது." தளத்துக்கு எழுதினால் ஒரே தானியங்கிப் பதில், ஆர்டர் முடிந்துவிட்டதாம். நேற்று இரவிலிருந்து அவன் மெசேஜைப் பார்க்கிறான், பதில் இல்லை. 489 வெள்ளி அவனிடம், குப்பை என்னிடம்.

என்ன கருவி வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இவ்வளவு மட்டும்: 48, 88 வோல்ட் என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள், பெயருள்ள கம்பெனிகளின் சாதாரண வீட்டு டிரில்லே பெரும்பாலும் 12 அல்லது 18 வோல்ட்தான். கான்கிரீட் பீமுக்கு, சுற்றிக்கொண்டே சுத்தியல் மாதிரி அடிக்கும் ரோட்டரி ஹேமர் வேண்டும் (அதில் போடுவது எஸ்.டி.எஸ் என்ற தனி வகை பிட்), அதை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். பார்சலைத் திறக்கும்போது வீடியோ எடுங்கள். சுவரில் ஒரு துளை போட்டுப் பார்க்கும்வரை அந்தப் பட்டனை அமுக்காதீர்கள்.

திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட 5 வெள்ளிதான் கட்டணம், ஈப்போவுக்குப் போகிறேன். பார்சல் மேல் ஒட்டியிருந்த அனுப்புநர் முகவரிச் சீட்டை அம்மா குப்பையில் போட்டிருந்தார், தேடி எடுத்துவிட்டேன். பாதி கிழிந்திருக்கிறது, முகவரி தெரிகிறது.