ஜிப்சி கிங் பின் கிட்: 1,450 ரூபாய்க்கு வாங்கி, ஒரே வேலையை இரண்டு முறை செய்த கதை

ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண். அந்த ஒன்றரையும் பெட்டியில் வந்த காகித கேஸ்கெட்டுக்கும் போல்ட்டுக்கும்தான்.

பொருள் என்னவென்றால், மாருதி ஜிப்சியின் முன் அச்சுக்கு ஆன்லைனில் விற்கும் நக்கிள் ரிப்பேர் கிட். நக்கிள் என்பது அச்சின் முனையில் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம், கிங் பின் என்பது அது திரும்புவதற்கான முளை. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நாலு கிங் பின் பேரிங், அச்சுக் குழாய்க்குள் உட்காரும் ஆயில் சீல் இரண்டு, நக்கிள் உருண்டையைச் சுற்றி வரும் ஃபெல்ட், ரப்பர் வளையம், கேஸ்கெட், ஒரு பொட்டலம் போல்ட். விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இதே பெட்டி நாலு பெயரில் கிடைக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே போட்டோ.

வண்டி 1998 ஜிப்சி கிங். 1298 சிசி, கார்புரேட்டர், ஐந்து கியர். எஸ்டேட்டில் உழைத்து ஓய்ந்த வண்டியை வாங்கி மூன்று வருஷமாக வீட்டு போர்டிகோவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வருகிறேன். தரைத் தகடு, பிரேக் பைப், ஒயரிங் எல்லாம் முடிந்துவிட்டது. கோத்தகிரி ஏறி இறங்கும்போது ஒரு குறையும் தெரியாது, 30, 35-க்கு மேல் அந்த ரோட்டில் யார் போகிறார்கள்? மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை போகும்போதுதான் சனி பிடிக்கும். காரமடை தாண்டி 55-ஐத் தொட்டு, ஒரு சின்னப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி ஏறினால் போதும், ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் படபடவென்று அடித்துக்கொள்ளும். டேஷ்போர்டு, கண்ணாடி, பல் எல்லாம் ஆடும். முதல் தடவை டயர்தான் கழன்றுவிட்டது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து சண்டை போடாமல், ஆக்சிலேட்டரை விட்டு வேகத்தைத் தானாக இறங்க விட்டால் 30 பக்கம் வரும்போது அடங்கிவிடும். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு பயணம் ஆயிற்று, இரண்டிலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி இனிமேல் பஸ்ஸிலேயே வருவதாகச் சொல்லிவிட்டார்.

இதற்கு உள்ளூரில் கிடைத்த வைத்தியம் ஸ்டீயரிங் டேம்பர், அதாவது ஸ்டீயரிங்குக்கான ஷாக் அப்சார்பர். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா, டேம்பர் போயிருச்சு, மாத்தீட்டா சரியாப் போயிரும்" என்றார் மெக்கானிக். 1,800 ரூபாய். ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது, அப்புறம் 55-க்குப் பதில் 62-இல் ஆட ஆரம்பித்தது, அவ்வளவுதான் வித்தியாசம். டேம்பர் ஆட்டத்தை அமுக்கும், ஆட்டம் எங்கே பிறக்கிறதோ அங்கே அதற்கு வேலை இல்லை. இருபது வயதுக்கு மேற்பட்ட ஜிப்சிக்கு முதலில் டேம்பர் மாற்றச் சொல்பவரிடம் ஸ்டீயரிங் வேலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள் என்பேன், மனிதர் நல்லவராக இருந்தாலும்.

எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. சக்கரத்தை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து உள்ளே வெளியே அசைத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் இருந்தால், வீல் பேரிங்காகவும் இருக்கலாம், கிங் பின்னாகவும் இருக்கலாம். இப்போது ஒருவரை வண்டியில் ஏறி பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். பிரேக் காலிப்பர் நக்கிளில்தான் மாட்டியிருக்கிறது, அதனால் பிரேக் பிடித்ததும் சக்கரமும் நக்கிளும் ஒன்றாகிவிடும். ஆட்டம் நின்றுபோனால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். எனக்கு நிற்கவில்லை. இடது பக்கம் கண்ணுக்கே தெரிகிற அளவு. (பஸ்ஸில்தான் வருவேன் என்றவர்தான் பிரேக்கை மிதித்தார்.) டை ராடு எண்ட் (ஸ்டீயரிங்கை நக்கிளோடு இணைக்கும் தண்டின் முனை), ஸ்பிரிங் பட்டையின் புஷ், டயர் பேலன்ஸிங் இவையும் இதே ஆட்டத்தைத் தரும், அவற்றையும் பார்த்துவிட வேண்டும். பேலன்ஸிங் ஏற்கெனவே செய்திருந்தேன், மற்றவை சுமார்.

நக்கிள் உருண்டைக்கு அடியில் இன்னொரு அடையாளமும் இருந்தது. கெட்டியான கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் போல எண்ணெய் வடிந்து டயரின் உள்பக்கம் வரை போயிருந்தது. அது கிரீஸ் உருகியது இல்லை. டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவே உள்ள கியர்) ஆயில், அச்சுக் குழாய் சீல் தேய்ந்து, நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. இப்படி இருந்தால் பேரிங்குக்கும் உள்ளே இருக்கும் ஜாயிண்டுக்கும் மசகு குறையும், பிரேக் டிஸ்க்கிலும் தெறிக்கும். ஆகவே கிட் வாங்குவது என்று முடிவானது. எல்லாம் ஒரே பெட்டியில், 1,450 ரூபாய், ஐந்து நாளில் வீடு வந்தது.

பிரித்து மாட்டுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் அழுக்கு வேலை. முதலில் டிஃபரன்ஷியல் ஆயிலை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அச்சுத் தண்டை உருவியதும் போர்டிகோ முழுக்க அதுதான். காலிப்பரைக் கழற்றி கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்க விடாதீர்கள். ஹப், ஸ்பிண்டில், அச்சுத் தண்டு, டை ராடு, அப்புறம் கிங் பின் மேலும் கீழும். எது மேல், எது கீழ் என்று அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். நக்கிளை இழுக்கும்போது கீழ் பேரிங் நழுவி விழும், கையைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்கவில்லை. அது உருண்டு போய் சாக்கடை வழியாகப் பக்கத்து வீட்டுப் பாக்குத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டது, பழைய பேரிங்தானே என்று விட்டுவிட்டேன்.

இனி கிட்டைப் பற்றி.

பேரிங்கில் எண் 30302 என்று மட்டும் இருந்தது, செய்தவர் பெயர் எங்கும் இல்லை. எண் சரியானதுதான், உள்விட்டம் 15, வெளிவிட்டம் 42 மி.மீ., அளந்தும் பார்த்தேன், கிண்ணமும் (பேரிங்கின் வெளி வளையம்) இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. சரி, பேரிங் பேரிங்தானே என்று நினைத்தது என் முதல் தவறு. ஃபெல்ட் வளையம் ஒரு விரல்கடை குட்டை, இரண்டு முனையும் சேரவில்லை. ரப்பர் வளையம் மடக்கினால் மடங்காமல் முறுக்கிக்கொண்டது, சைக்கிள் பிரேக் கட்டை மாதிரி. அச்சுக் குழாய் சீல் கையாலேயே உள்ளே போனது, சுத்தியலே வேண்டியிருக்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், 'பரவாயில்லை, சுலபமாக முடிந்தது' என்று சந்தோஷப்பட்டேன்.

பெரிய குறை இதெல்லாம் இல்லை. பெட்டியில் ஷிம் இல்லை. கிங் பின்னுக்கும் நக்கிளுக்கும் நடுவே போடும் மெல்லிய தகடுதான் ஷிம், அதுதான் பேரிங்கை எவ்வளவு இறுக்கம் என்று தீர்மானிக்கிறது. தகடு கூடினால் தளரும், குறைந்தால் இறுகும். இதை அளக்க சிறப்பு கருவி எதுவும் வேண்டாம், மீன்காரர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசு போதும். நக்கிளின் ஆயில் சீலை இன்னும் மாட்டாத நிலையில், டை ராடு மாட்டும் ஓட்டையில் கொக்கியைப் போட்டு நேராக இழுக்க வேண்டும். நக்கிள் நகர ஆரம்பிக்கும்போது முள் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் நடுவே இருக்க வேண்டும். என் இடது பக்கத்தில் பழைய அரை மி.மீ. ஷிம்மைப் போட்டால் 600 கிராம். எடுத்துவிட்டால் இரண்டரை கிலோவுக்கும் மேல். நடுவே ஒரு 0.1 மி.மீ. தகடு மூன்று நாலு இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வண்டி ஸ்டாண்டின் மேல், கடை எதுவும் இல்லை. ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியை வெட்டிப் போட்டேன். சிரிக்க வேண்டாம். 1.9 வந்தது, 'ஓட ஓடச் சரியாகிவிடும்' என்று மூடிவிட்டேன்.

முதல் மாதம் அமோகம். 80 வரை ஓட்டினேன், ஆட்டமே இல்லை. மனைவி கூட ஒரு தடவை ஏறினார். மூன்றாவது வாரத்திலேயே இடது நக்கிளுக்கு அடியில் ஈரம் தெரிந்தது, மனது ஒப்புக்கொள்ளவில்லை. நாலாவது மாதம், சுமார் 2,300 கி.மீ. ஓடியிருக்கும், ஸ்டீயரிங் நேராக வரும் இடத்தில் ஒரு 'கொக்கி' மாட்டுவது போல் நின்று நின்று போக ஆரம்பித்தது. வளைவு முடிந்ததும் தானாகத் திரும்பி வருவதும் குறைந்துபோனது. பிறகு ஒரு நாள் காரமடைப் பக்கம், பழைய சிநேகிதன் மாதிரி அதே ஆட்டம்.

மறுபடி பிரித்தேன். பேரிங் கிண்ணத்தின் உள்பக்கம் உருளைகள் உட்கார்ந்த இடத்தில் வரிசையாகக் கோடு கோடாகக் குழி. கிங் பின் பேரிங் மற்ற பேரிங் மாதிரி சுற்றிக்கொண்டே இருப்பதில்லை, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம், மீதி நேரமெல்லாம் நேராக நின்று ரோட்டின் அடியை வாங்குகிறது. அடி முழுக்க ஒரே இடத்தில் விழும். எஃகு மென்மையாக இருந்தால் குழி விழாமல் என்ன செய்யும்? என் 1.9 கிலோ இறுக்கமும் கொஞ்சம் உதவியிருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் 1.2-இல் சரியாக உட்கார்ந்த வலது பக்கத்திலும் அதே குழி, கொஞ்சம் ஆழம் குறைவு. அச்சுக் குழாய் சீலை விரலாலேயே வெளியே எடுக்க முடிந்தது. உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் மறுபடி கறுப்புத் தண்ணீர்.

இரண்டாவது தடவை கோவையில் ஒரு பழைய ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெரியவரிடம் "ஜிப்சி கிங் பின் கிட் குடுங்க" என்றதும், "கிட்டெல்லாம் எதுக்குங்க தம்பி? நம்பரைச் சொல்லுங்க" என்றார். 30302 என்றேன். "அது ஜிப்சி பேரிங்கில்லீங்க, உலகத்துக்கே பொதுவான நம்பரு. நல்ல கம்பெனியாப் பாத்து வாங்கோணும், அவ்வளவுதான்." உண்மைதான், இது எல்லா பேரிங் கம்பெனிக்காரர்களும் செய்யும் ஒரு சாதாரண அளவு. ஜெய்ப்பூரில் செய்யும் என்.பி.சி. நாலு வாங்கினேன், ஒன்று 290. அச்சுக் குழாய் சீல் மாருதி ஒரிஜினல், இரண்டு 420. நக்கிள் சீல் செட் இரண்டு பக்கத்துக்கும் 1,280. கேஸ்கெட், 0.1 மி.மீ. ஷிம் ஒரு கற்றை எல்லாம் சேர்த்து 300. மொத்தம் 3,160, மோலி கலந்த கிரீஸ் ஒரு டப்பா தனி. கிட்டை விட இரண்டு மடங்குக்கு மேல்தான். கிட்டுக்குப் போட்ட பணம், இரண்டாவது தடவை ஊற்றிய கிரீஸ், டிஃபரன்ஷியலுக்கு மறுபடி வாங்கிய ஜி.எல்.5 கியர் ஆயில், வீணாய்ப் போன இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இவற்றைக் கூட்டினால் எது மலிவு என்று சொல்லவே தேவையில்லை.

புது சீலை உள்ளே இறக்க ஒரு பெரிய சாக்கெட்டை வைத்துத் தட்ட வேண்டியிருந்தது, அந்தச் சத்தம் கேட்டதும்தான் நிம்மதி. ஃபெல்ட்டை எண்ணெயில் நனைத்துப் போட்டேன், முனைகள் சேர்ந்தன. ஷிம் கற்றையிலிருந்து இடதுக்கு நாலு, வலதுக்கு மூன்று. தராசு இடதில் 1.4, வலதில் 1.3. பிஸ்கட் டப்பா மூடி வேலைக்கு ஓய்வு கொடுத்தாயிற்று.

இது நடந்து 14 மாதம், 11,000 கி.மீ. ஆகிறது. ஆட்டம் இல்லை, கசிவும் இல்லை. நக்கிளுக்கு வெளியே லேசான கிரீஸ் பூச்சு இருக்கும், அது இருக்கத்தான் வேண்டும், காய்ந்த உருண்டைதான் கவலை. டேம்பரை ஒரு வாரம் கழற்றி வைத்தே ஓட்டிப் பார்த்தேன், 75 வரை ஒன்றும் ஆகவில்லை. (பள்ளம் தெரிந்து அதில் இறக்கிப் பார்த்தது முட்டாள்தனம், நீங்கள் செய்யாதீர்கள்.)

கிட் வாங்கியே ஆக வேண்டும் என்றால், கேஸ்கெட்டுக்காகவும் போல்ட்டுக்காகவும் வாங்குங்கள், அவை இரண்டும் குறை சொல்ல முடியாது. பேரிங்கில் செய்தவர் பெயர் பொறித்திருக்கிறதா, சீல் கையால் உள்ளே போகிறதா, பெட்டியில் ஷிம் இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றாவது இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். நான் திருப்பி அனுப்ப முயன்றபோது 'பொருத்திய பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை' என்று பதில் வந்தது, நியாயம்தான், நான்தான் பொருத்தினேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். 1985-இல் வந்த பழைய 970 சிசி ஜிப்சி வைத்திருப்பவர்களுக்கும் பேரிங் எண் இதேதான். ஆனால் அச்சு குறுகிய வண்டி, அகலமான வண்டி என்று இரண்டு உண்டு, 1993-க்கு அப்புறம்தான் அகலம் வந்தது. அச்சுத் தண்டு வாங்க நேர்ந்தால் அளவைப் பார்த்து வாங்குங்கள், ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது.

வலது பக்க டை ராடு எண்ட் இப்போது லேசாகச் சத்தம் போடுகிறது. அதற்கும் ஆன்லைனில் ஒரு 'முழு செட்' காட்டுகிறது, 990 ரூபாய். அதே போட்டோ ஸ்டைல். பெரியவர் கடை ஞாயிற்றுக்கிழமை லீவு, திங்கட்கிழமை போகிறேன்.