சர்க்கரைக்கும் எடைக்கும் ஊசி ஆன்லைனில் வாங்குபவர்கள் கவனிக்கவும்: 13,200 ரூபாய் போனது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எடை குறைப்பு ஊசிகளை ஒப்பிட்டுச் சொல்லி வீட்டுக்கே அனுப்பும் ஒரு ஆன்லைன் தளத்தில் 13,200 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன்.

என் மனைவிக்குப் பல வருடமாகச் சர்க்கரை. எடையும் ஏறிக்கொண்டே போகிறது. தளத்திலிருந்து பேசிய பெண் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். "செமாக்ளுடைட் ஒரு ஹார்மோன் வழியா வேலை செய்யும் சார், டிர்செபடைட் ரெண்டு ஹார்மோன் வழியா. 72 வாரம் ரெண்டையும் நேருக்கு நேர் வச்சுப் பார்த்திருக்காங்க. செமாக்ளுடைட்ல 13.7 சதவீதம், டிர்செபடைட்ல 20.2 சதவீதம் எடை குறைஞ்சிருக்கு. அக்காவுக்கு டிர்செபடைட்தான் சரி." தேடிப் பார்த்தேன், எண்கள் அப்படியே இருந்தன. அதில்தான் முழு நம்பிக்கை வந்து பணம் கட்டினேன்.

அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பொதுவாக அந்த அளவு எடை குறையாதாம். எங்கள் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

பார்சல் வந்தபோது ஐஸ் பேக் தண்ணீராகிப் பெட்டி வெதுவெதுவென்றிருந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து! உள்ளே 5 மில்லிகிராம் ஊசிப் பேனா. முதல் நான்கு வாரம் 2.5 மில்லிகிராமில்தான் தொடங்க வேண்டும்.

போன் செய்தால், "வெளியில 30 நாள் வரை இருக்கலாம் சார்" என்கிறார்கள். 30 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால்தானே? மதுரையில் மே மாத வெயிலில், டெலிவரி வண்டிப் பெட்டிக்குள் எவ்வளவு சூடு இருந்திருக்கும்? அளவைப் பற்றிக் கேட்டால், "எங்க டாக்டர் அப்ரூவ் பண்ணதுதான்." எந்த டாக்டர்? எங்களிடம் ஒரு டாக்டரும் பேசவில்லை. என் மனைவி கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறாள். அதோடு இந்த ஊசி சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். அதையாவது கேட்டார்களா? அப்புறம், "மருந்துக்கு ரீஃபண்ட் கிடையாது." அப்புறம், "சீனியர் கூப்பிடுவார்." யாரும் கூப்பிடவில்லை. இன்று காலை புகாரையே முடித்துவிட்டதாக மெசேஜ். 13,200 ரூபாய், ஒரு மாதச் சம்பளத்தில் பாதி!

மருந்தின் மேல் எனக்குக் குறையில்லை, விற்ற விதத்தின் மேல்தான். உங்களைப் பார்த்துப் பரிசோதித்த டாக்டரின் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்து விற்கும் மருந்துக் கடையில் பில்லோடு வாங்குங்கள். அட்டையிலும் பேனாவிலும் பேட்ச் எண் ஒன்றா என்று பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் இப்போது அதற்குத்தான் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.