பிரைமேஸைக் கண்ணால் காண: புரதத் தரவு வங்கி பற்றிய மதிப்புரை

1971-இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கி, புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைத் திரட்டித் தரும், கட்டணம் ஏதுமின்றி எவரும் பயன்படுத்தக்கூடிய இணையச் சேவையாகும். டி.என்.ஏ இரட்டிப்பில் பிரைமர் (புதிய இழைக்குத் தொடக்கமாகும் சிறு ஆர்.என்.ஏ துண்டு) உருவாவதை விளக்க விரும்பும் ஆசிரியர்களுக்கு இதைவிடச் சிறந்த கருவியை நான் அறியேன்.

பிரைமரை உருவாக்கும் நொதியே பிரைமேஸ். மனித பிரைமேஸின் சிறிய துணையலகு (அதை ஆக்கும் இரு புரதங்களில் ஒன்று) ஆர்.என்.ஏ-வின் அலகுகளான நியூக்ளியோட்டைடுகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கிறது. பெரிய துணையலகின் இறுதிப் பகுதியோ, இரும்பு–கந்தகக் கொத்து ஒன்றைத் தன்னுள் கொண்டு, வார்ப்பு இழையையும் (நகலெடுக்கப்படும் டி.என்.ஏ இழை) ஆர்.என்.ஏ-வின் முப்பாஸ்பேட்டு தாங்கிய 5' முனையையும் (தொடக்க முனை) பற்றிக்கொள்கிறது. பாடநூலின் தட்டையான படத்தில் புலப்படாத இந்தப் பிடியை, திரையில் மூலக்கூற்றைச் சுழற்றி, அமினோ அமிலம் அமினோ அமிலமாக நெருங்கிப் பார்க்கலாம். ஆர்.என்.ஏ நீள நீள இரு முனைகளையும் பிடித்திருக்கும் துணையலகுகள் ஒன்றைவிட்டொன்று விலகியாக வேண்டும் என்பது அப்போது தானாகவே விளங்கும். ஏறத்தாழ 9 நியூக்ளியோட்டைடுகளுக்குப் பின் வேலை, இழையை டி.என்.ஏ-வாக நீட்டும் நொதியான பாலிமரேஸ் ஆல்ஃபாவிடம் ஒப்படைக்கப்படுவதைக் கற்பிக்க இதுவே சரியான இடம்.

குறைகளும் உண்டு. அசையும் பகுதிகள், வடிவத்தைக் கண்டறியப் பயன்படும் புரதப் படிகத்தில் தெளிவாகப் பதிவாவதில்லை என்பதால் மாதிரிகளில் ஆங்காங்கே விடுபட்ட துண்டுகள் இருக்கும்; மேலும், காண்பது ஓர் உறைந்த நிலையே, இயக்கம் அன்று. மாதிரியிலுள்ள புரதச் சங்கிலிகளுக்கு வெறும் எழுத்துகளே அடையாளம் என்பதால், எது எந்தத் துணையலகு என்பதை முதலில் குறித்துக்கொள்வது நல்லது. முதுகலை மாணவர்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பள்ளி மாணவர்களுக்கு ஆசிரியர் உடனிருத்தல் அவசியம்.