போனை வேகமாக்கும் ஆப்பா? பணம் போனதுதான் மிச்சம்

ஏமாந்த கதையை வெளியே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்னொருவர் சிக்கிவிடக் கூடாது என்று எழுதுகிறேன்.

முகப்புத் திரையில் ஒரே ஃபோல்டரில் 14 ஆப்களை வைத்திருந்தேன். சில வாரங்களாக அதைத் தொட்டால் முதலில் வெறும் சாம்பல் வட்டங்கள்தான் வரும். அப்புறம் ஐகான்கள் ஒவ்வொன்றாக முளைக்கும். அவசரத்தில் தொட்டால் பக்கத்து ஆப் திறந்துகொள்ளும். அந்த எரிச்சலில் இருந்தபோது ஒரு விளம்பரம் வந்தது: ‘உங்கள் போன் மந்தமாகிவிட்டது, உடனே சுத்தம் செய்யுங்கள்.’ யோசிக்காமல் இறக்கிவிட்டேன்.

திறந்ததும் ஆக்சஸிபிலிட்டி அனுமதி கேட்டது. நான் நின்று யோசித்திருக்க வேண்டிய இடம் அதுதான். பார்வைக் குறைபாடு போன்ற சிரமம் உள்ளவர்களுக்கு உதவும் ஆப்களுக்காக வந்த அனுமதி அது. அதைக் கொடுத்தால் திரையில் இருப்பதை அந்த ஆப் படிக்கலாம், நமக்குப் பதிலாகப் பட்டனையும் அழுத்தலாம். ஆண்ட்ராய்டு 6 முதல், நாம் இறக்கும் சாதாரண ஆப் எதுவும் மற்ற ஆப்களின் கேச்சை, அதாவது அவை தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் கோப்புகளை, நேரடியாக அழிக்க முடியாது. அதனால் இந்தச் சுத்தம் செய்யும் ஆப்கள் செட்டிங்ஸுக்குள் போய், நாமே அழுத்தக்கூடிய பட்டனைத்தான் அழுத்துகின்றன. இதற்குக் காசு வேறு.

‘1.8 ஜிபி குப்பை நீக்கப்பட்டது’ என்றது. சந்தேகப்பட்டு உடனே மறுபடி ஓட்டினேன். இன்னும் 700 எம்பி குப்பை இருக்கிறதாம்! ஃபோல்டரோ முன்பைவிட மெதுவானது.

இரண்டாம் நாளே ஆப்பை நீக்கிவிட்டேன். 3 நாள் இலவசம் என்றுதானே போட்டிருந்தது, தொல்லை விட்டது என்று இருந்தேன். நான்காம் நாள் ஒரு வருடச் சந்தா மொத்தமாகக் கழிந்தது. ஆப்பை நீக்கினால் சந்தா ரத்தாகாது என்பது அப்போதுதான் தெரிந்தது. பிளே ஸ்டோரில் நம் படத்தைத் தொட்டு, சந்தாக்கள் பகுதிக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். அந்த ஆப்காரர்களுக்கு இரண்டு முறை மெயில் போட்டேன், பதிலே இல்லை.

கடைசியில் சரிசெய்தது நானேதான். முகப்புத் திரையும் ஃபோல்டர்களும் லாஞ்சர் என்ற ஆப்பின் வேலை. செட்டிங்ஸில் ஆப்கள் பட்டியலில் லாஞ்சரைத் திறந்து, ஸ்டோரேஜுக்குள் போய் கேச்சை மட்டும் அழித்தேன். அருகிலேயே டேட்டாவை அழிக்கும் பட்டனும் இருக்கும். கை தவறி அதை அழுத்தினால் ஆப்கள் போகாது, ஆனால் அடுக்கி வைத்த ஃபோல்டர்கள் கலைந்துவிடும். போனில் 1 ஜிபிகூட இடம் மீதி இல்லாததையும் அப்போதுதான் கவனித்தேன். குழுக்களில் வந்து குவிந்த வீடியோக்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு, போனை ஒருமுறை அணைத்து மறுபடி ஆன் செய்தேன். இப்போது தொட்டவுடன் 14 ஐகான்களும் சேர்ந்தே வருகின்றன.

இந்த மாதிரி ஆப் உங்கள் போனில் இருந்தால் முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள். அடுத்து ஆக்சஸிபிலிட்டி அனுமதியை அணையுங்கள். ஆப்பை நீக்குவது அதற்குப் பிறகு.