டெல்டா வீடுகளில் ஆண்ட்ராய்டு: மொழியில் நிறைவு, ஆயுளில் குறைவு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிக் குடும்பங்களில் ஒரு கைபேசி வாங்கியவரோடு நின்றுவிடுவதில்லை. மகன் புதியது வாங்கியதும் பழையது அப்பாவிடம் வருகிறது, பிறகு வீட்டுக்குப் பொதுவாகி, உடையும்வரை உழைக்கிறது. ஆகவே ஆண்ட்ராய்டு இயங்குதளத்தை இங்கிருந்து மதிப்பிடும்போது, கடையில் திறந்து காட்டப்படும் வேகத்தைவிட ஐந்தாம் ஆண்டில் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

தமிழைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. கைபேசி முழுவதையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், இடம் கொடுக்கும் செயலிகளில் ஒவ்வொன்றுக்கும் தனி மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். ஜிபோர்டு விசைப்பலகையில் பேசினால் அது எழுத்தாகிறது. வேகமான பேச்சுவழக்கில் பிழைகள் மலிந்தாலும், தட்டச்சுப் பழக்கமில்லாத முதியவர் வரப்பில் நின்றபடியே செய்தி அனுப்ப முடிவது பெரிய வசதி. 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 கொண்டுவந்த பேட்டரி சேமிப்பு முறையும் அப்படித்தான். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்த ஊர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

குறை, புதுப்பிப்பில் இருக்கிறது. கூகுள் வெளியிடும் புதிய பதிப்பைச் சில்லு தயாரிப்பாளரும் கைபேசி நிறுவனமும் தத்தம் கருவிக்கேற்ப மாற்றியமைத்த பிறகே அது நம் கைக்கு வருகிறது. 2017இல் ஆண்ட்ராய்டு 8 இந்த வேலையை எளிதாக்கியது என்றாலும், செய்வதா வேண்டாமா என்பது இன்னும் நிறுவனத்தின் விருப்பமாகவே உள்ளது. ஒப்பிட்டால், 2018இல் விற்பனைக்கு வந்த ஆப்பிளின் ஐபோன் எக்ஸ்ஆர், 2024இல் வெளியான அதன் இயங்குதளமான ஐஓஎஸ் 18ஐயும் பெற்றது. ஆண்ட்ராய்டிலும் கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு ஏழாண்டுப் புதுப்பிப்பு அறிவிக்கப்பட்டது. ஆனால் அவை விலை உயர்ந்தவை. இங்கு அதிகம் விற்கும் மலிவுக் கைபேசிகள் பல, அப்பாவின் சட்டைப்பைக்கு வரும் முன்பே பாதுகாப்புப் புதுப்பிப்பை இழந்துவிடுகின்றன.

இது வெறும் தொழில்நுட்பக் கவலை அன்று. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில்தான் ஏறுகிறது. அந்தக் கணக்கைத் திறக்கும் ஓடிபி வருவதும் இதே கைபேசிக்குத்தான். அரசுத் திட்டத்தின் பெயரைச் சூடிய போலி ஏபிகே கோப்புகள், அதாவது செயலியை நிறுவும் கோப்புகள், வாட்ஸ்அப் வழியே வருகின்றன. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி நிறுவ அனுமதிக்கும் ஆண்ட்ராய்டின் திறந்த தன்மை எனக்குப் பிடித்தமானதே. ஆயினும் மோசடிக்காரர் நுழைவதும் அவ்வழியேதான். அப்படி நிறுவப்பட்ட செயலி, அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதியை எளிதில் பெறாதபடி ஆண்ட்ராய்டு 13 கூடுதல் தடை வைத்தது. ஆண்ட்ராய்டு 9இலேயே நின்றுபோன கைபேசிக்கு அந்தக் காவல் இல்லை.

நீக்க முடியாத செயலிகளை நிறுவனங்கள் முன்கூட்டியே திணித்து 32 ஜிபி இடத்தை அடைப்பதும் எரிச்சலூட்டுகிறது.

புதிதாக வாங்குவோர், கேமராவைப் பற்றிக் கேட்கும் முன், பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேட்க வேண்டும். வீட்டிலுள்ள கைபேசியின் அமைப்புகளில் கடைசிப் புதுப்பிப்பின் தேதி இருக்கும். அது ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்தால், வங்கிச் செயலியையும் ஓடிபி வரும் சிம்மையும் வேறு கைபேசிக்கு மாற்றிவிட்டு, பழையதைப் பேசவும் படம் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம்.